வலது கை மேல் ஒரு சந்தேகம்

போன கார்த்திகைக் கடைசியில், வருகைப் பதிவேட்டில் இருந்த என் கையெழுத்து என்னுடையது இல்லை என்று என் மேலதிகாரி கண்டுபிடித்தார். சிக்கல் என்னவென்றால் அதை நான்தான் போட்டிருந்தேன்.

முதலில் என் பிழைப்பைச் சொல்லிவிடுகிறேன். குடியிருப்பது திண்டிவனம். வேலை விழுப்புரத்தில், பெருமையாகச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லாத ஓர் அரசு அலுவலகத்தில், அதைவிடவும் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லாத கண்காணிப்பாளர் நாற்காலி. பத்தொன்பது வருடமாகக் காலை பாசஞ்சரில் போய் மாலை பாசஞ்சரில் திரும்புகிறேன். ரயில் ஒழுங்காக ஓடினால் பத்து மணிக்குள் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிடலாம். முண்டியம்பாக்கத்தைத் தாண்டி ஏதாவது ஓர் எக்ஸ்பிரஸுக்கு வழிவிடச் சொல்லி நிறுத்திவிட்டால் போச்சு. பத்தேகாலுக்குப் பதிவேடு மேலதிகாரி மேடத்தின் அறைக்குள் போய்விடும். அப்புறம் நம் பெயருக்கு நேரே சிவப்பு மைதான்.

ரயிலில் வந்து போகிறவர்கள் இருக்கும் எந்த அலுவலகத்திலும் இதற்கு ஓர் ஏற்பாடு உண்டு. உள்ளூரிலேயே குடியிருக்கும் ஒருவர், ரயில்காரரின் கையெழுத்தைப் பழகி வைத்திருப்பார். என் கையெழுத்தைப் பழகியவர் பக்கத்து மேஜை நண்பர். அலுவலகத்திலிருந்து நடக்கிற தூரத்தில் வீடு. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, அறுவடை சமயத்தில் நான் ஒரு பை கொண்டுவந்து அவர் மேஜைக்கடியில் வைப்பேன். அதைப் பற்றி இருவரும் பேசிக்கொள்வதில்லை.

மேடம் புதிதாக வந்தவர், வயதில் இளையவர், தேர்வெழுதி நேரே அதிகாரியானவர். பதிவேட்டை என் பக்கம் திருப்பிவைத்தார்.

"இது பன்னெண்டாம் தேதி. உங்க கையெழுத்து. இது பதினாலு. இதுவும் உங்களுது. நடுவுல பதிமூணு யாரு சார்?"

பார்த்தேன். பன்னிரண்டும் பதினான்கும் நண்பர் போட்டவை. அந்த இரண்டு நாளும் ரயில் தாமதம். பதின்மூன்றாம் தேதி நான் பத்து மணிக்கு ஐந்து நிமிடம் முன்னாலேயே வந்து, நெஞ்சு நிமிர்த்தி, என் சொந்தப் பேனாவால் போட்டது.

"பதிமூணு நான்தான் மேடம்."

"இதுவா? சரி, இப்ப ஒண்ணு போடுங்க. என் முன்னாடி."

போட்டேன். பதின்மூன்றாம் தேதியே தேவலை என்கிற மாதிரி வந்தது. கடைசி எழுத்திலிருந்து ஒரு கோடு வலப்பக்கம் விசுக்கென்று மேலே ஏறும். பத்தொன்பது வருடமாக என் கையெழுத்தில் இருக்கும் ஒரே ஆடம்பரம் அதுதான். அன்று அந்தக் கோடு பாதி வழியில் களைத்துப்போய்க் கீழே உட்கார்ந்துவிட்டது.

மேடம் காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பயப்படாதீங்க சார். யார் போட்டதுன்னு மட்டும் சொல்லுங்க. மெமோவ அவருக்குக் குடுத்துக்கறேன். இல்லன்னா நீங்க விளக்கம் எழுதிக் குடுக்கணும்."

வெளியே வந்து நண்பரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவருக்குக் கோபம்.

"இன்னா சார் நீங்க? உங்க கையெழுத்த உங்களுக்கே ஒழுங்கா போடத் தெரியலன்னா நான் எத்தினி நாளைக்குக் காப்பாத்துறது?"

"ஒழுங்காதான்யா போட்டேன்."

"காட்டுங்க, எந்தக் கை?" என்று கிளி ஜோசியக்காரர் மாதிரி என் வலது கையைப் பிடித்துத் திருப்பினார். புறங்கையில் ஓர் இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "சார், இன்னா சார் இங்க குழி?"

கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே, புறங்கைப் பக்கம், எல்லோருக்கும் கொஞ்சம் சதை இருக்கும். இரண்டு விரலையும் சேர்த்து அழுத்தினால் நெல்லிக்காய் மாதிரி அது உருண்டு எழும். என் இடது கையில் எழுந்தது. வலது கையில் அந்த இடத்தில் ஒரு பள்ளம். அழுத்தினால் பள்ளம் இன்னும் ஆழமானது. நண்பர் தன் மேஜையில் இருந்த வறுத்த மல்லாட்டையில் ஒரு பருப்பை எடுத்து அதில் வைத்தார். உருளாமல் அப்படியே நின்றது.

"சூம்பிக்கினு போவுது சார்," என்றார்.

நான் படித்தவன். வீட்டில் புத்தகங்கள் கட்டிலுக்கு மேலேயும் கீழேயும் கிடக்கின்றன. மனித உடலைப் பற்றியே நாலைந்து புத்தகங்கள் வைத்திருக்கிறேன். ஆனால் என் உடம்பில் ஒரு துண்டு காணாமல் போனதை, படிப்பதென்றால் தினத்தாளின் கடைசிப் பக்கத்தோடு நிறுத்திக்கொள்ளும் ஒருவர்தான் எனக்குச் சொல்லவேண்டியிருந்தது.

அன்று மாலை ரயிலில் உட்கார்ந்து பின்னோக்கி யோசித்தேன். பூட்டில் சாவி திரும்பவில்லை என்று இரண்டு மாதம் முன்னால் பூட்டை மாற்றியிருந்தேன். பொத்தான் துளைகளை வேண்டுமென்றே சின்னதாக வைத்ததாகத் தையல்காரரிடம் சண்டை போட்டிருந்தேன். ஊறுகாய் பாட்டிலின் மூடி திறக்கவில்லை என்றபோது, தயாரித்தவர்கள் அதை ஒட்டியே விற்கிறார்கள் என்று வீட்டில் ஒரு சொற்பொழிவே நடந்தது. எட்டு மாதமாக நான் ஊரில் எல்லோரையும் சந்தேகப்பட்டிருந்தேன், அந்தக் கையைத் தவிர.

என் மனைவி அங்கன்வாடியில் ஆசிரியை. குழந்தைகளின் சதை வற்றுகிறதா என்று பார்ப்பது அவள் அன்றாட வேலை. அதற்கென்று சிவப்பு, மஞ்சள், பச்சை அடித்த ஒரு நாடா உண்டு. குழந்தையின் புஜத்தில் சுற்றினால் எந்த நிறத்தில் வந்து நிற்கிறது என்று பார்த்து, சிவப்பு என்றால் உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். நான் கையை நீட்டியதும் பையிலிருந்து அந்த நாடாவைத்தான் எடுத்தாள்.

"இது எனக்குப் பத்தாதும்மா."

"தெரியும். பழக்கத்துல எடுத்துட்டேன்," என்று உள்ளே போய்த் துணி அளக்கும் டேப்பைக் கொண்டுவந்தாள். முழங்கைக்குக் கீழே நாலு விரல் விட்டு இரண்டு கையையும் அளந்தாள். மறுபடியும் அளந்தாள்.

"வலது அரை இஞ்சு கம்மி."

"எல்லாருக்கும் கொஞ்சம் வித்தியாசம் இருக்கும்."

"இருக்கும். சோத்துக் கைதான் பெருசா இருக்கும். உங்களுக்கு மாறி இருக்குது." டேப்பைச் சுருட்டினாள். "நாளைக்கு டாக்டர்கிட்ட போறோம்."

வழக்கமாக எனக்கு உடம்புக்கு ஏதாவது வந்தால், வேலை செய்யாமல் உட்கார்ந்துகொண்டே படிப்பதால் வந்தது என்று அரை மணி நேரம் திட்டுவாள். அன்று திட்டவில்லை. எனக்குப் பயம் வந்ததே அப்போதுதான்.

டாக்டரைப் பார்க்கும் முன் கைபேசியில் பார்த்துவிடுவது என்று எல்லோரையும் போல நானும் பார்த்தேன். கைச் சதை கரைவதற்குப் பத்துப் பதினைந்து காரணங்கள் போட்டிருந்தார்கள். நான் மிக மோசமானதைத் தேர்ந்தெடுத்து வாசித்தேன். சதையை இயக்கும் நரம்பு அணுக்கள் ஒவ்வொன்றாக அணைந்துபோகும் ஒரு நோய். முதலில் ஒரு கை. பிறகு மற்ற கை. பிறகு கால்கள், தொண்டை, கடைசியில் மூச்சு. மருந்து இல்லை. சில வருடங்கள். அறிவு மட்டும் கடைசிவரை தெளிவாக இருக்குமாம். இதுவரை இல்லாத தெளிவு அப்போது மட்டும் எங்கிருந்து வரும் என்று ஒரு சந்தேகம் வந்தது. சிரிக்கப் பார்த்தேன், முடியவில்லை. அதற்குமேல் படிக்கத் தைரியம் இல்லாமல் கைபேசியைக் கவிழ்த்துவைத்தேன். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கட்டுரையைப் பாதியில் நிறுத்தியது அன்றுதான். அடுத்த நாலு வரியையும் படித்திருந்தால் எனக்குப் பத்து நாள் மிச்சமாகியிருக்கும்.

திண்டிவனத்தில் எங்கள் தெருக்காரர்கள் எல்லோரும் போகும் டாக்டரிடம் போனோம். அவர்மேல் எனக்குப் பழைய சந்தேகம் ஒன்று உண்டு. இருமல் என்று போனவர், கண் உறுத்துகிறது என்று போனவர், முதுகுவலி என்று போனவர், எல்லோரும் சர்க்கரை மாத்திரையோடு திரும்பி வந்திருக்கிறார்கள். எதிர்வீட்டுக்காரர் மகளுக்குத் துணையாகப் போய், மாத்திரையோடு வந்தவர். விரல் மரத்துப்போகிறதா என்று அவர் கேட்பார், ஆமாம் என்றால் பிடித்துக்கொள்வார் என்பது தெருவில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஆகவே அந்தக் கேள்விக்கு நான் பதிலைத் தயாராக வைத்திருந்தேன்.

கையை அழுத்திப் பார்த்தார், விரித்துப் பார்த்தார். கேட்டார்: "விரல் எதுவும் மரத்துப்போவுதா?"

"சேச்சே. சுத்தமா இல்ல."

சுண்டு விரலும் பக்கத்து விரலும் ஒரு வருடமாக மரத்துப்போய்க்கொண்டிருந்தன.

ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை இல்லை. நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். ஆனால் தாளைப் பார்த்த டாக்டரின் முகத்தில் என் வெற்றி தெரியவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"சர்க்கரையும் இல்ல, மரத்தும் போவல, ஆனா சதை மட்டும் குறையுது," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "உடம்புல எங்கயாவது சதை தன்னால துடிக்குதா?"

அவர் கேட்டு முடிப்பதற்குள் என் இடது கெண்டைக்கால் துடிக்க ஆரம்பித்தது.

"முழுங்கறதுல ஏதாவது சிரமம்?"

எச்சிலை விழுங்கிப் பார்த்தேன். இறங்க மறுத்தது.

ஒரு கடிதம் எழுதி ஒட்டிக் கொடுத்தார். விழுப்புரத்தில் நரம்பு டாக்டரைப் பார்க்கவேண்டும், பத்து நாள் கழித்துத்தான் இடம் கிடைத்தது. ஒட்டிய கடிதத்தை நான் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன். டாக்டர் கையெழுத்து. என் பதின்மூன்றாம் தேதியே அழகு. அந்த மனிதரை யாரும் சந்தேகப்பட்டு விளக்கம் கேட்பதில்லை.

அந்தப் பத்து நாளில் நான் சந்தேகப்படாத ஆளில்லை. மனைவி ஒருநாள் காலை என் சட்டைக்குப் பொத்தான் போட்டுவிட்டாள். கேட்காமல், பேசாமல், குழந்தைகளுக்குப் போட்டுவிடும் அதே வேகத்தில். மேல் பொத்தானுக்கு வந்தபோது அவள் கண்ணைப் பார்க்க முயன்றேன், அவள் பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவளுக்கு ஏதோ தெரியும். டாக்டர் என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு இவளிடம் ஏதாவது சொன்னாரா? நான் வெளியே உட்காரவே இல்லை. இருந்தாலும் சொல்லியிருப்பாரோ?

மறுநாள் கேட்டாள்: "அந்தத் தண்ணி மோட்டார எப்படிப் போடறதுன்னு எனக்கும் சொல்லிக் குடுங்க."

எங்கள் வீட்டு மோட்டார் சாதாரணமாக ஓடாது. ஸ்விட்சைப் போட்டு, மூன்று எண்ணி, பெட்டியின் வலது ஓரத்தில் உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டி, மறுபடி போடவேண்டும். அந்தத் தட்டு எனக்கு மட்டும்தான் தெரியும். வீட்டில் எனக்கு இருந்த ஒரே செல்வாக்கு அது.

"இத்தினி வருஷமா கேக்காம இப்ப இன்னாத்துக்குக் கேக்கற?"

"நீங்க ரயில்ல போய்க்கினு இருக்கும்போது தண்ணி தீந்துடுதுங்க. அதுக்குத்தான்."

"இத்தினி வருஷமாவும் தீந்துதே?"

அவள் மோட்டார் பெட்டி முன்னால் போய் நின்றாள். சொல்லிக் கொடுத்தேன். முதல் தட்டிலேயே மோட்டார் அவளுக்கு ஓடியது. நான் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் குளியலறை வாசலிலேயே நின்றேன். நான் இல்லாமல் இந்த வீடு ஓடும் என்பதற்கு இவ்வளவு சீக்கிரம் நிரூபணம் கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை.

அலுவலகத்தில் நண்பர் திடீரென்று மரியாதையாகப் பேச ஆரம்பித்தார். டீ வாங்கிக் கொடுத்தார். என் கோப்புகளைத் தானே தூக்கிக்கொண்டு போனார். என் மேஜை ஜன்னலை ஒட்டி இருக்கிறது. இந்த மனிதருக்கு அதன்மேல் ஒரு கண் உண்டு என்பது நினைவுக்கு வந்தது. "சார், ஜன்னல் காத்து உங்களுக்கு ஒத்துக்குதா?" என்று அவர் ஒருநாள் கேட்டபோது எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவர் உண்மையிலேயே காற்றைப் பற்றித்தான் கேட்டார் என்று இப்போது நம்புகிறேன். பெரும்பாலும்.

மேடத்திடம் கொடுக்கவேண்டிய விளக்கத்தை எழுதவில்லை. எழுதினால் அந்தக் கையால்தான் எழுதவேண்டும், அதன் கீழே அந்தக் கையெழுத்தைத்தான் போடவேண்டும். மருத்துவப் பரிசோதனை இருக்கிறது, முடிவு வந்ததும் தருகிறேன் என்றேன். மேடம் தலையசைத்தார். இது மெமோவிலிருந்து தப்பிக்க வழக்கமாகச் சொல்லும் மருத்துவப் பரிசோதனை என்று அவர் நினைத்தது கண்ணிலேயே தெரிந்தது.

பத்தாம் நாள் வந்தது. மனைவி அங்கன்வாடிக்கு விடுப்புப் போட்டுவிட்டு என்னோடு வந்தாள். நரம்பு டாக்டர் மெல்லிய குரலில் பேசும் ஒருவர். மேஜைமேல் ஒரு தாள் எடுத்து, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே என்னை இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். அவர் மறுமுனையைப் பிடித்து இழுத்தார். இழுத்தார் என்று சொல்வதே மிகை, எடுத்துக்கொண்டார். நான் என் முழுப் பலத்தையும் கொடுத்துக்கொண்டிருந்தேன், கட்டை விரல் நுனி மட்டும் வளைந்து நின்றது. இடது கையில் வைத்து இழுத்தபோது தாள் கிழிந்தது.

பிறகு அதே கேள்வி: "மரத்துப்போறது உண்டா?"

இவரும் அந்தக் கட்சியா என்று பார்த்தேன். "இல்ல சார்," என்றேன்.

"சார், இவரு பொய் சொல்றாரு," என்றாள் மனைவி.

நான் திரும்பிப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்காமல் டாக்டரிடமே பேசினாள். "போன மாசம் கொதிக்கிற காப்பி டம்ளர்ல சுண்டு விரல ஒட்டவெச்சிக்கினு பேப்பர் படிச்சிக்கினு இருந்தாரு. கொப்புளம் வந்துது. நான் பாத்துச் சொன்னாதான் இவருக்கே தெரியும். சக்கரைன்னு சொல்லிடுவாங்கன்னு டாக்டருங்ககிட்ட மறைக்கறாரு சார்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "சார், இது ரொம்ப முக்கியம். யோசிச்சுச் சொல்லுங்க. மரத்துப்போவுதா, இல்லையா?"

ஒரு மனிதன் தன் மனைவி முன்னால் எவ்வளவு நேரம் சமாளிக்க முடியும்? "போவுது சார். சுண்டு விரலும் பக்கத்து விரல்ல பாதியும்."

"எவ்ளோ நாளா?"

"ஒரு வருஷமா."

டாக்டர் சிரித்தார். அந்த அறைக்குள் வந்ததிலிருந்து அவர் சிரித்தது அப்போதுதான். "ரொம்ப சந்தோஷம்."

"இன்னா சார் சந்தோஷம்?" என்றாள் மனைவி.

"திண்டிவனம் டாக்டர் ஒரு பெரிய வியாதிய நெனச்சு பயந்து எழுதியிருக்கார்மா. அந்த வியாதில சதை கரையும், ஆனா மரத்துப்போவாது. தொட்டா நல்லாத் தெரியும். இவருக்கு மரத்துப்போவுதுன்னா, வேற எங்கயோ நரம்பு நசுங்குது. டெஸ்ட் பண்ணாம நான் உறுதி சொல்ல மாட்டேன். ஆனா இத மட்டும் இவர் மொதல்லயே சொல்லியிருந்தா நீங்க ரெண்டு பேரும் பத்து நாள் நல்லாத் தூங்கியிருப்பீங்க."

மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அவளும் தூங்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அவளும் கைபேசியில் படித்திருக்கிறாள், அதே கட்டுரையை. முழுவதும் படித்திருக்கிறாள். மரத்துப்போவது பற்றிய வரியும் அவளுக்குத் தெரியும். ஆனால் திண்டிவனம் டாக்டரிடம் நான் அடித்துச் சொன்னதைக் கேட்டு, கொப்புளத்தைப் பற்றித் தனக்கே சந்தேகம் வந்துவிட்டதாம். "ஒருவேளை அன்னிக்கு மட்டும் கவனிக்காம இருந்தாரோன்னு நெனச்சேன்," என்றாள் பிற்பாடு. இந்த விஷயத்தில் நான் சந்தேகப்பட்டிருக்கவேண்டிய ஒரே ஆள் நான்தான் என்பது இப்படி உறுதியானது.

டெஸ்ட் என்பது கையில் அங்கங்கே சிறிய மின்சாரம் கொடுத்து, நரம்பில் அது எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று பார்ப்பது. கொடுக்கும்போதெல்லாம் சுண்டு விரல் நம்மைக் கேட்காமல் துள்ளும். மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் நடுவே ஒழுங்காக ஓடியது. முழங்கையைத் தாண்டுகிற இடத்தில், முண்டியம்பாக்கத்துக்கு அப்பால் சிக்னலுக்கு நிற்கும் எங்கள் பாசஞ்சர் மாதிரி தயங்கித் தயங்கிப் போனது. பிறகு மெல்லிய ஊசியால் தோளிலும் கெண்டைக்காலிலும் இடது கையிலும் குத்திப் பார்த்தார்கள். அங்கெல்லாம் எந்தக் கோளாறும் இல்லை.

"பயந்தது இல்ல," என்றார் டாக்டர். "முழங்கைக்குப் பின்னால, இடிச்சா ஷாக் அடிக்குமே, அந்த எடத்துலதான் இந்த நரம்பு போவுது. மேல பாதுகாப்பா ஒண்ணும் கெடையாது. அங்க நசுங்கியிருக்கு. முழங்கைய எதுமேலயாவது ஊனிக்கிட்டு உக்கார்ற பழக்கம் உண்டா?"

"இல்ல," என்றேன், பழக்கதோஷம்.

"ரயில்ல?" என்றாள் மனைவி.

இந்த இடத்தில் என் வாழ்வின் ஒரே விஞ்ஞானக் கண்டுபிடிப்பைச் சொல்லவேண்டும். காலையில் ரயில் தெற்கே போகிறது. வெயில் கிழக்கிலிருந்து அடிக்கும். ஆகவே மேற்குப் பக்க ஜன்னலில், காற்று முகத்தில் படும்படி, ரயில் போகும் திசையைப் பார்த்து உட்காரவேண்டும். மாலையில் ரயில் வடக்கே வருகிறது. வெயில் மேற்கிலிருந்து அடிக்கும். ஆகவே கிழக்குப் பக்க ஜன்னல், மறுபடி போகும் திசையைப் பார்த்து. இந்தக் கணக்குத் தெரியாத ஜனங்கள் கிடைத்த இடத்தில் உட்கார்ந்து வெயிலில் காய்ந்தார்கள். நான் இரண்டு வேளையும் நிழலும் காற்றுமாக, முழங்கையை ஜன்னல் விளிம்பில் ஊன்றி, கன்னத்தை உள்ளங்கையில் தாங்கி, இடது கையில் புத்தகத்தைப் பிடித்துப் படித்துக்கொண்டு வந்தேன். என் படிப்பெல்லாம் அந்த ஜன்னலில் படித்ததுதான்.

டாக்டர் ஒரு தாளில் ரயில் மாதிரி ஒரு பெட்டி வரைந்தார். அதில் அம்புக்குறி போட்டார். திருப்பி வைத்து இன்னோர் அம்புக்குறி போட்டார்.

"அப்படிப் பாத்தா ரெண்டு வேளையும் வலது முழங்கைதான் ஜன்னல்ல வருது."

இதை நான் கவனித்ததே இல்லை. "ஆமா," என்றேன்.

"எத்தினி வருஷமா?"

"பத்தொன்பது. சனி, ஞாயிறு லீவு."

இனி முழங்கையை எதன்மேலும் ஊன்றக்கூடாது, நெடுநேரம் மடக்கியும் வைக்கக்கூடாது, தூங்கும்போது ஒரு துண்டைச் சுற்றிக்கொள்ளவேண்டும், மூன்று மாதம் பார்த்துவிட்டு இன்னும் கரைந்தால் அறுவை சிகிச்சை என்றார். போன சதை திரும்பி வருமா என்று கேட்டேன். "சொல்ல முடியாது சார். மேல போவாம இருந்தாலே நல்ல சேதிதான்," என்றார். இவரை நான் அந்தப் பதிலுக்காகவே நம்பினேன். வரும் என்று சொல்லியிருந்தால் சந்தேகம் வந்திருக்கும்.

மறுநாள் மருத்துவ அறிக்கையை எடுத்துக்கொண்டு மேடம் அறைக்குள் போனேன். சாகப்போவதில்லை என்று தெரிந்த மனிதனின் நடை. பதின்மூன்றாம் தேதிக் கையெழுத்து என்னுடையதுதான் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? மேடம் அறிக்கையை முழுவதும் வாசித்தார்.

"ஒரு வருஷமாவே கை இப்படித்தான் இருந்திருக்கு."

"ஆமா மேடம்."

"சரி. அப்ப பதிமூணாம் தேதி நீங்கதான். நான் தப்பா நெனச்சுட்டேன்." பதிவேட்டை இழுத்தார். பக்கங்களைப் புரட்டினார். மேல்நோக்கி விசுக்கென்று ஏறும் கோட்டோடு, இளமை மாறாத என் கையெழுத்துகள் அங்கங்கே ஜொலித்தன. "இப்படி ஒரு கைய வெச்சுக்கிட்டு, இதெல்லாம் எப்படி சார் போட்டீங்க?"

என்னைக் காப்பாற்றக் கொண்டுபோன தாளே என்னை மாட்டிவிடும் என்று நான் யோசிக்கவில்லை. இன்னொரு பொய் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் ஒரு பொய் சொல்லிப் பத்து நாள் செத்துக்கொண்டிருந்தது மறக்கவில்லை. ரயில் தாமதமான நாள்கள் அவை, நான் கேட்டுக்கொண்டதால் வேறொருவர் போட்டார், பெயர் கேட்காதீர்கள் என்றேன். மேடம் கதவுப் பக்கம் பார்த்தார். கதவுக்கு வெளியே நண்பரின் செருப்புத் தெரிந்தது.

"பேர் தேவையில்ல," என்றார். அழகான கையெழுத்துகள் ஒவ்வொன்றையும் சிவப்பில் வட்டமிட்டார். அலங்கோலமானவற்றை விட்டுவைத்தார். "இனிமே எது மோசமா இருக்கோ அதுதான் உங்க கையெழுத்து. நல்லா இருந்தா விளக்கம் கேப்பேன்."

வெளியே நண்பர் நொந்துபோய் நின்றார். "எவ்ளோ பழகுனது சார், எல்லாத்தயும் வட்டம் போட்டுட்டாங்களே," என்றார்.

இப்போது மூன்று மாதத்துக்கு மேல் ஆகிறது. பள்ளம் ஆழமாகவில்லை, மேடாகவும் இல்லை. அரை இஞ்சு அரை இஞ்சாகவே நிற்கிறது. மனைவி ஞாயிற்றுக்கிழமைதோறும் அளக்கிறாள், அளந்து முடித்ததும் திட்டுகிறாள். கீழ்ப் பொத்தான்கள் மூன்றை நானே போட்டுக்கொள்கிறேன். அறுவை சிகிச்சை இப்போதைக்கு வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

ரயிலில் எதிர்ப் பக்கம், வெயிலில், ஜன்னலை விட்டுத் தள்ளி, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு வருகிறேன். என் பழைய இடத்தை ஒரு வாரத்துக்குள் வேறொருவர் பிடித்துவிட்டார். முப்பது வயதிருக்கும், நல்ல ஆகிருதி, மருந்துக் கம்பெனிப் பை. இவரும் வெயில் கணக்குத் தெரிந்தவர்; இரண்டு வேளையும் சரியான பக்கத்தில் உட்கார்கிறார். முழங்கையை விளிம்பில் ஊன்றி, கன்னத்தைத் தாங்கிக்கொண்டு, கைபேசி பார்க்கிறார். பல நாள் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். போன வாரம் திண்டிவனத்தை விட்டுக் கிளம்பியதும் தாங்கமுடியாமல் எழுந்து போனேன்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. அந்த முழங்கைய அங்கருந்து எடுத்துடுங்க."

ஏற இறங்கப் பார்த்தார். "ஏன், சீட்டு வேணுமா?"

"சீட்டு வேணாம். அப்படி ஊனக்கூடாது. கை சூம்பிடும்."

"முன்னாடி நீங்கதான இங்க உக்காருவீங்க? பாத்திருக்கேன்." பையை மடிமேல் இழுத்து வைத்துக்கொண்டார். "சீட்டு வேணும்னா நேரா கேளுங்க சார், பரவால்ல. இன்னாத்துக்குக் கதை வுடறீங்க?"

வலது கையை நீட்டி, இரண்டு விரலையும் சேர்த்து அழுத்திக் காட்டினேன். பள்ளத்தைப் பார்த்தார். மயிலம் ஸ்டேஷன் வந்தது, போனது. முழங்கையை மெதுவாக எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நான் என் வெயிலுக்குத் திரும்பினேன்.

பேரணி ஸ்டேஷனைத் தாண்டியபோது பார்த்தால், கைபேசியைப் பையில் போட்டுவிட்டு, இரண்டு கையையும் பக்கத்தில் பக்கத்தில் நீட்டி, கட்டை விரலை அழுத்தி அழுத்திக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். விக்கிரவாண்டியில் எழுந்து என்னிடம் வந்தார். நெற்றியில் வியர்வை.

"சார், இதுல வலது கொஞ்சம் கம்மியா இருக்குதா பாருங்க."

இரண்டையும் பிடித்துப் பார்த்தேன். இரண்டிலும் சதை நெல்லிக்காய் மாதிரி கெட்டியாக உருண்டு எழுந்தது. ஒரு குறையும் இல்லை. அப்படியே சொன்னேன்.

அவர் நம்பவில்லை.